கல் தொங்கிய தறி

1990இல் கிரீன்லாந்தின் மேற்குப் பகுதியில் கலைமான் வேட்டைக்குப் போன இருவர், ஆற்றங்கரைச் சரிவில் பெரிய மரத்துண்டுகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். பெருமரம் வளராத நாடு அது. மறு ஆண்டு தொடங்கி 1996 வரை அங்கே தோண்டினார்கள். மணலுக்கடியில், ஏறத்தாழ 1000 முதல் 1400 வரை நார்ஸ் என்னும் வட ஐரோப்பிய மக்கள் குடியிருந்த பண்ணை ஒன்று கிடைத்தது. அதில் ஒரு நெசவறை, தறியின் மரங்கள், மாக்கல்லில் செய்த தறிக்கற்கள் எல்லாம் இருந்தன.

உறைந்த மண் மரத்தைக் காத்தது பெரும் பேறு. மற்ற பெரும்பாலான இடங்களில் தறி மக்கிப்போய்விடும். கல்லும் களிமண்ணும் எலும்பும்தான் மிஞ்சும்.

நம் கைத்தறியில் பாவு கிடையாக நீண்டிருக்கும். நார்ஸ் தறியோ சுவரில் சாய்த்து நிறுத்திய இரண்டு கால்களும் மேலே ஒரு குறுக்குமரமும் கொண்டது. குறுக்குமரத்திலிருந்து பாவு நூல்கள் தொங்கும். அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து நுனியில் கல்லைக் கட்டுவார்கள். அந்தக் கனம்தான் பாவை விறைப்பாக வைக்கும். நின்றபடி நெய்யும் பெண், ஊடையை மேல்நோக்கித் தட்டி இறுக்குவாள்.

இங்கிலாந்தில் இதே தறிக்கு வளையம் போன்ற களிமண் குண்டுகளைக் கட்டினார்கள். சஃபோக் மாவட்டத்தின் கிரிம்ஸ்டன் எண்டில் அந்தக் குண்டுகள் விழுந்தபடியே வரிசையாகக் கிடைத்தன. மரத்தில் ஒரு துண்டுகூட இல்லாமலே, அந்த வரிசையைக் கொண்டு தறியின் அகலத்தைக் கணக்கிட முடிந்தது.

யார்க் நகரத்தின் காப்பர்கேட்டில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு இன்னொரு பாடம் சொன்னது. கீழடுக்குகளில் களிமண் குண்டுகளும், இருமுனையும் கூரான எலும்பு ஊசிகளும் கிடைத்தன. நூல்களை ஒதுக்கி இறுக்க உதவிய ஊசிகள் அவை. மேலே வரவரக் குண்டுகள் குறைந்து, ஒருமுனை மட்டும் கூரான ஊசிகள் வந்தன. கல்லே தேவைப்படாமல், மேலும் கீழும் இரண்டு குறுக்குமரங்களுக்கிடையே பாவை இழுத்துக் கட்டும் தறி பரவியதன் தடயம் என்று ஆய்வாளர்கள் இதைக் கொள்கிறார்கள். ஒரு கருவியின் இல்லாமையும் சான்றாகிறது.

அடுத்து வந்தது மிதிதறி. 11ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய நகரங்களில் அது வேரூன்றியது. ரஷ்யாவின் நோவ்கோரோதில் ஈரமண் அதன் மர உறுப்புகளையே காத்துத் தந்திருக்கிறது. நெசவும் வீட்டுப் பெண்களின் கையிலிருந்து நகரத்து ஆண்களின் தொழிலாக மாறத் தொடங்கியது. லண்டன் நெசவாளர் சங்கம் 1155இல் மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் உரிமைச் சாசனமே பெற்றது.

கிரீன்லாந்தின் நார்ஸ் பெண்களோ கடைசிவரை கல் கட்டிய தறியை விடவில்லை. 1921இல் தொல்லியலாளர் போல் நோர்லுண்ட் அங்குள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டில் தோண்டியெடுத்த ஆடைகள் அந்தத் தறியின் திறனைக் காட்டுகின்றன. ஆட்டின் நீண்ட வெளிமயிரை முறுக்கேற்றிப் பாவுக்கும், மெல்லிய உள்மயிரைத் தளர நூற்று ஊடைக்கும் வைத்தார்கள். கல்லின் இழுப்பைத் தாங்கப் பாவுக்கு வலிமை. குளிரைத் தடுக்க ஊடைக்கு மென்மை.