சாய்கோணம்: திரைக்கலையின் வழுவமைதி

வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றனையும் இலக்கணம் பயின்றோர் அறிவர். பசுவை உவப்பு மிகுதியால் தாயென உயர்திணைப்படுத்திக் கூறுதல் திணைவழுவே. ஆயினும் தக்க காரணம் உண்மையின் நூலோர் அதனை அமைத்துக்கொண்டனர். திரைக்கலையிலும் இத்தகைய வழுவமைதி ஒன்று உண்டு, அதுவே சாய்கோணம். படப்பிடிப்புக் கருவியை நேர்நிறுத்தாது ஒருபுறம் சாய்த்துப் பிடிப்பின், திரையில் சுவரும் தூணும் சரிந்து தோன்றும். மாந்தர் நிலைகுலைந்து நிற்பர்.

இதன் வேரைச் செருமனியில் காணலாம். முதல் உலகப்போரில் அந்நாடு தோற்றபின், 1920-ஆம் ஆண்டில் ராபர்ட் வீனே இயக்கிய 'டாக்டர் கலிகாரியின் அறை' என்னும் ஊமைப்படம் வெளிவந்தது. அதில் சரிந்தவை காட்சியமைப்புகளே: கோணல் வீதிகள், சாய்ந்த கதவுகள், தீட்டப்பட்ட நிழல்கள். கதையைச் சொல்பவன் மனநோய் மருத்துவமனையில் இருப்பவன் என்பது இறுதியில் தெரியவரும்போது, அக்கோணலின் காரணம் விளங்கும். ஆங்கிலேயர் சாய்கோணத்தை 'டச்சுக் கோணம்' என்பர். செருமானியரைக் குறிக்கும் 'டாய்ச்' என்னும் சொல்லின் திரிபே அது என்று கூறுவர்.

1949-இல் கரோல் ரீட் இயக்கிய 'மூன்றாம் மனிதன்' இவ்வுத்தியை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. போருக்குப்பின் நான்கு வல்லரசுகள் பங்கிட்டு ஆண்ட வியன்னா நகரமே களம். தன் உயிர்நண்பன், கலப்படப் பெனிசிலின் விற்றுக் குழந்தைகளைக் கெடுத்த கொடியவன் என்பதை ஒருவன் உணர்கிறான். அறத்தின் தரையே சரிந்த நகரை ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கர் சாய்த்துக் காட்டி, ஆஸ்கார் பரிசும் பெற்றார். படத்தைக் கண்ட இயக்குநர் வில்லியம் வைலர், கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றை ரீடுக்கு அனுப்பி நகையாடினாராம்.

இனி நம் மொழிக்கு வருவோம். 1954-இல் ஏவி.எம். நிறுவனம் எடுத்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடலே இல்லாத படம். 1943 அக்டோபரில் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டிய கதை. வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்படுகிறான். ஒவ்வொருவர் வாக்குமூலமும் வேறொருவர்மேல் ஐயத்தைச் சாய்க்கிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவு இருளையும் ஒளியையும் மோதவிடுகிறது. முடிவில், கணவன் சப்பானியருக்கு உளவு சொன்னவன் என்பதும், அவன் மடிந்தது மனைவியின் கைத்துப்பாக்கியால் என்பதும் புலனாகின்றன. வியன்னாவில் கருவி செய்த வேலையை இங்கே கதையமைப்பே செய்தது.

அதே அக்டோபரில் சிங்கப்பூர் நின்ற கோணமோ வேறு. அம்மாதம் 21-ஆம் நாள், இங்குள்ள கேத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். சப்பானியர் துணையை நாட்டுப்பற்றின் வழியாகவே கருதி நம் முன்னோர் பலர் திரண்டனர். அக்காலத்திலேயே சயாம் மரண இரயில் பாதைக்குத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டு மாண்டதும் உண்மை. சென்னையில் துரோகம் எனப்பட்டது இங்கே விடுதலைப் பணி. இங்கே துணைவன் எனப்பட்டவன் சயாமில் கொடியவன். இம்மூன்றனையும் ஒருசேர வைத்துக் காணாது 'அந்த நாள்' படத்தை நம் மாணவர்க்குக் காட்டுதல் அரைப்பாடமே ஆகும்.

இன்று சுவா சூ காங் வட்டார மாணவரும் கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கின்றனர். மின்தூக்கி வாயிலையும் நடைபாதையையும் சாய்த்துப் பிடித்துவிட்டு, அழகாயிருக்கிறது என்பர். 1966 முதல் ஒளிபரப்பான 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் தீயோர் மறைவிடங்களெல்லாம் தவறாது சாய்ந்தே தோன்றின. உத்தி நகைப்புக்குரிய வாய்பாடாயிற்று. ஆதலின், "ஏன் சாய்த்தாய்? யாருடைய தரை சரிந்தது?" என்று ஆசிரியர் மாணவரைக் கேட்டல் வேண்டும். தக்க விடை கிடைப்பின் அமைதி. இன்றேல் அது வழுவே என்க.