கோடி ரூபாய் ஏணியும் நூறு நாள் கூலியும்

1955இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, 64,000 டாலர் பரிசு தரும் ஒரு வினாடி வினாவைத் தொடங்கியது. 1,000 டாலருக்குப் பிறகு ஒவ்வொரு சரியான விடைக்கும் பரிசு இரட்டிப்பாகும். மேல்படிகளில் தவறினால் ஆறுதலாக ஒரு காடிலாக் கார் கிடைக்கும். அந்த ஆண்டே உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸ் உச்சத் தொகையை வென்றார். அவர் விடை சொன்னது குத்துச்சண்டை பற்றிய கேள்விகளுக்கு. பெண்ணுக்குக் குத்துச்சண்டை தெரியும் என்பதே பார்வையாளர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

இன்று நமக்குத் தெரிந்த பரிசு ஏணி 1998இல் பிரிட்டனில் உருவானது. 15 கேள்விகள், 100 பவுண்டில் தொடங்கி 10 லட்சம் பவுண்டு வரை. 1,000, 32,000 ஆகிய இரண்டும் பாதுகாப்புப் படிகள். தவறினாலும் அதற்குக் கீழே இறங்க மாட்டார்கள். அங்கே முதலில் உச்சத்தைத் தொட்டவர் ஜூடித் கெப்பல் என்ற பெண், 2000 நவம்பரில்.

2000 ஜூலையில் ஸ்டார் பிளஸில் 'கௌன் பனேகா குரோர்பதி' வந்தது. பவுண்டுத் தொகைகளைப் பத்தால் பெருக்கி ரூபாயாக்கியது போலிருந்தது அதன் ஏணி: 1,000 ரூபாய் முதல் ஒரு கோடி வரை, பாதுகாப்புப் படிகள் 10,000, 3,20,000. அதே ஆண்டு சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார்.

அந்த ஏணியில் 50 லட்சத்தோடு 15ஆம் கேள்வியைச் சந்திப்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு விலகலாம். விடை சொல்லித் தவறினால் 3,20,000க்கு இறங்குவார். இழப்பு 46,80,000 ரூபாய்.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நெல்லும் மல்லாட்டையும் விளைகின்றன. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024-25இல் அவர்களுக்கு நிர்ணயித்த நாள்கூலி 319 ரூபாய். கால் நூற்றாண்டு கழித்து வந்த இந்தக் கூலியில் கணக்கிட்டாலும், 2000ஆம் ஆண்டின் பாதுகாப்புப் படியான 3,20,000 பத்து வருடக் கூலி. அதுவும் நூறு நாளும் வேலை கிடைத்தால். கடைசிக் கேள்வியில் இழக்கக்கூடிய தொகை ஏறத்தாழ 147 வருடக் கூலி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பெண் பாதியில் விலகினால் அதைத் துணிச்சல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழுக் கடனுக்கும் அடகு வைத்த நகைக்கும் வட்டி கட்டிப் பழகியவள் போடும் கணக்கு அது. சம்பளமும் சொத்தும் உள்ளவர் தோற்றாலும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பலாம். ஏணி இந்த வேறுபாட்டைக் கேட்பதில்லை.

வரியும் கேட்பதில்லை. பிரிட்டனில் பரிசு முழுவதும் வென்றவருக்கே. அமெரிக்காவில் அது மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இத்தகைய பரிசுக்கு ஒரே விகிதமாக 30 சதவீதம் விதித்தது. கூடுதல் வரிகள் தனி. மற்றவருமானத்துக்கு உள்ள அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. வேறு வருமானமே இல்லாத இல்லத்தரசிக்கும் தொழிலதிபருக்கும் ஒரே பிடித்தம்.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில், பெண்கள் மட்டும் பங்கேற்கும் 'கோடீஸ்வரி'யை ராதிகா சரத்குமார் தொகுத்து வழங்கினார். அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவர் ஒரு கோடியை வென்றார். பெண்களுக்கு இருக்கை ஒதுக்கியதும் அறிவு குறித்த சந்தேகம் அடங்கிவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது, விலகியவர்கள் எந்தப் படியில், எந்தக் கடனை நினைத்து விலகினார்கள், காசோலை யார் கணக்கில் சேர்ந்தது என்பதை. வெற்றியாளர் பட்டியலில் அவை இருக்காது.