வெள்ளையடித்த சுவருக்குள் இருந்தது என்ன? விக் கிராமத்து தேவாலயம்

பிரான்ஸின் நடுப்பகுதியில், பெரி வட்டாரத்தில், நோஆன்-விக் என்று ஒரு சின்ன ஊர். சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். அங்குள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் வண்டியை நிறுத்தவே தோணாது. உள்ளே கதை வேற. 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சுவரெங்கும்: இயேசு எருசலேமுக்குள் நுழைவது, கடைசி இராவுணவு, யூதாஸின் முத்தம். எசாயாவின் உதட்டில் வானதூதர் நெருப்புக் கரியை வைக்கிற காட்சிகூட உண்டு.

இதை வெகுகாலம் யாருமே பார்க்கவில்லை. மேலே சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்கள். எங்க தொழிலில் பழைய கோடை அழிக்காமல் கமெண்ட் போட்டு வைப்போமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மூடியதால் பின்னால் வந்தவர்கள் யாரும் அதன்மேல் புதுசா வரையவில்லை.

1849இல் பங்குத் தந்தை பெரிகோ அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? ஒரு கிராமத்துச் சாமியார் சொன்னால் பாரிஸில் யார் கேட்பார்கள்?

இங்கேதான் பக்கத்து ஊர் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் வருகிறார். 1848 புரட்சியில் இறங்கி, மனம் நொந்து நோஆன் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம். குருமார்களோடு அவருக்கு ஒத்தே போகாது. ஆனாலும் விஷயத்தை ப்ரோஸ்பர் மெரிமேவிடம் கொண்டுபோனார். ‘கார்மென்’ எழுதிய அதே மெரிமேதான். 1834 முதல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர். இரண்டு பேருக்கும் 1833இல் ஒரு குறுகிய காதல் இருந்து, படுமோசமாக முடிந்தது என்பது ஊரறிந்த சேதி! அதெல்லாம் குறுக்கே வரவில்லை. 1850இலேயே தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிட்டது. ஒரு வருஷம். அரசு ஃபைல் நகர்கிற வேகத்துக்கு இது அதிசயம்தான்.

அந்தப் பட்டியல் ஏன் முக்கியம் என்றால், 1905இல் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் சட்டப்படி பிரித்தது. அதற்கு முன் கட்டிய கிராமத்துத் தேவாலயங்கள் பெரும்பாலும் உள்ளூராட்சியின் சொத்து. பூசை வைப்பது திருச்சபை, ஓடு மாற்றுவது ஊராட்சி! சில நூறு பேர் கட்டும் வரியில் 800 வருஷக் கட்டடத்தைத் தாங்க வேண்டும். சின்னமாக அறிவித்திருந்தால் பழுதுபார்க்க அரசிடம் மானியம் கேட்கலாம். சுவரைச் சுரண்டிப் பார்க்க ஒரு பெரிகோவும், பாரிஸ் வரை எடுத்துச் சொல்ல ஒரு ஜார்ஜ் சாண்டும் கிடைக்காத ஊர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை.