பாசி வடிகட்டியின் வரலாறு

பவள உயிர்கள் வாழும் கடல்நீர்த் தொட்டிகளில் தீராத தொல்லை பாசி. மீனுக்கு இடும் தீனியும் மீனின் கழிவும் நீரில் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளாகச் சேர்கின்றன. பவளத்துக்கென எரியவிடும் கடும் வெளிச்சம் பாசிக்கும் ஏற்றது. இழைப்பாசி பவளத்தின்மேல் படர்ந்துவிட்டால், வெளிச்சம் கிட்டாமல் பவளம் அழியும். இதனால் பவளங்களைச் செயற்கைத் தொட்டியில் நெடுநாள் வளர்ப்பது நீண்டகாலம் அரிதாகவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே நம்பிப் பவளம் வளர்த்தது விதிவிலக்கு.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர் வால்டர் ஏடி இச்சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். கரீபியக் கடலின் செயின்ட் குரோய் தீவுப் பவளத்திட்டுகளை 1970களில் ஆராய்ந்தவர் அவர். அத்திட்டுகளில் குட்டைப் பாசி மிக வேகமாக வளர்கிறது. ஆனால் மீன்களும் கடல் முள்ளெலிகளும் ஓயாமல் மேய்வதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆகவே பாசியைத் தடுப்பதற்குப் பதில், அதற்குத் தனி இடம் கொடுத்தார். ஆழமில்லாத தட்டில் பிளாஸ்டிக் வலையை விரித்து, மேலே விளக்கு பொருத்தி, கவிழும் வாளியால் அலைபோல நீர் பாய்ச்சினார். வலையில் வளரும் பாசி நீரின் சத்துகளை உறிஞ்சும்; சில நாள்களுக்கு ஒருமுறை அதைச் சுரண்டி எறிந்தால் சத்துகளும் வெளியேறும். தொட்டி இருண்டிருக்கும் இரவில் இந்த விளக்கை எரித்தால் ஆக்சிஜன் குறைவும் ஈடாகும். எளிய கணக்குதான்.

இம்முறையில் அமைந்த பவளத்திட்டுக் காட்சி 1980இல் ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது. 1982இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் திறக்கப்பட்ட மாபெரும் பவளத் தொட்டியும் இதையே நம்பியது.

அங்கேதான் குறை வெளிப்பட்டது. பாசியிலிருந்து கசியும் கரிமப் பொருள்களால் நீர் மஞ்சளித்தது. பவளங்களும் எதிர்பார்த்தபடி செழிக்கவில்லை. பின்னாளில் அந்த வடிகட்டிகள் கைவிடப்பட்டன. ஜெர்மனியில் உருவான பெர்லின் முறையோ உயிர்ப்பாறையையும், நுரையோடு கழிவை வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் பயன்படுத்தியது. 1990களில் பொழுதுபோக்காளர்களிடம் அதுவே பரவியது. ஏடியின் கருத்தைத் தவறென்று ஒதுக்கியது அவசரமே என்று தோன்றுகிறது. மஞ்சள் நிறத்தைக் கரித்தூள் எளிதில் நீக்கிவிடும். இன்று பலர் செங்குத்தான வலையில் நீரை வழியவிடும் சிறு வடிகட்டிகளை வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். விளைநிலங்களிலிருந்து வடியும் நீரைத் தூய்மைப்படுத்தவும் ஏடியின் வலை பயன்படுத்தப்பட்டது.