தீப்பெட்டியில் வந்த முக்கோணம்

1960களின் இறுதியில் குடும்பக் கட்டுப்பாட்டின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் சுவர், பேருந்து, தீப்பெட்டி என எங்கும் ஏறியது. 1971-இல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் சுமார் 22 சதவீதம்தான். பிரசாரம் படத்தை நம்பியதில் வியப்பில்லை. 1968-இல் மூன்று 15 காசுக்கு வந்த நிரோத் ஆணுறையை டீத்தூள், சோப்பு நிறுவனங்களின் விநியோக வலையே பெட்டிக்கடைவரை கொண்டுபோனது. அங்கே கேட்டு வாங்கியவர் பெரும்பாலும் ஆண். பெண்ணின் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது தீப்பெட்டிதான். அடையாளம் பழகியதே போதாதா என்பார்கள். போதாது. 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற பிரசார முழக்கம் உத்தரவு, வழி சொல்லவில்லை. பெண்ணுக்குப் பாடம் நடத்தியது மாலா-டி கருத்தடை மாத்திரை அட்டைதான்: 21 வெள்ளை மாத்திரை, பிறகு வேறு நிறத்தில் 7 இரும்புச்சத்து மாத்திரை. படிக்காதவளுக்கும் எண்ணத் தெரியுமே! ஆனால் அந்த அட்டை கடைக்கு வந்தது 1980களில்.