குதிரையின் வாயும் கடிவாள இரும்பும்

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் முளைக்காத ஈறு நீண்டு கிடக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அந்த இடத்தில், நாக்கின்மேல் குறுக்காகப் படிந்திருக்கும். சவாரி செய்பவரின் கை சொல்வதில் பெரும்பகுதி இந்த இரும்பின் வழியாகத்தான் குதிரைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு பல் இடறினாலும், கன்னத்தின் உட்புறம் கிழிந்திருந்தாலும், குதிரை தலையை உதறும், வாயைப் பிளக்கும், ஒரு பக்கம் திரும்ப மறுக்கும். அதை முரட்டுக் குணம் என்று எண்ணி இன்னும் கடுமையான இரும்பை மாட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

வலிக்குக் காரணம் பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும். புல்லை அரைப்பதால் அதே அளவு தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆகவே மேற்பற்களின் வெளியோரமும் கீழ்ப்பற்களின் உள்ளோரமும் சரியாகத் தேயாமல் கூராகிவிடுகின்றன. மேலே உள்ள கூர் கன்னத்தையும் கீழே உள்ள கூர் நாக்கையும் அறுக்கும். நாள் முழுக்க மேயும் குதிரை தாடையைப் பக்கவாட்டில் அகல அசைத்து மெல்லும். ஊறவைத்த கொள்ளோ தானியமோ தின்னும் லாயக் குதிரைக்கு அந்த அசைவு குறுகிவிடுவதால் கூர் விரைவில் ஏறும். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறிய ஓநாய்ப்பல் இன்னொரு தொல்லை. தின்பதற்கு அது உதவாது. ஆனால் இரும்பு பின்வாங்கும்போது அதில் இடிக்கலாம்.

இந்த ஓநாய்ப்பல்தான் குதிரைப் பல்வைத்தியத்தின் பழைமைக்குச் சான்று. மங்கோலியப் புல்வெளியில் கிடைத்த குதிரை மண்டையோடுகளை ஆராய்ந்த வில்லியம் டெய்லர் குழுவினர் 2018-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கி.மு. 1150 வாக்கில் மேய்ப்பர்கள் கோணலாக முளைத்த முன்பல்லை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓநாய்ப்பல்லைப் பிடுங்கும் வழக்கம் கி.மு. 750 வாக்கில், உலோகக் கடிவாளம் பரவிய காலத்தில் தோன்றுகிறது. எலும்பாலும் தோலாலும் ஆன பழைய கடிவாளத்தோடு ஒத்துப்போன பல்லை உலோகம் பகையாக்கிவிட்டது.

தமிழகத்தின் கதை வேறு. இங்கே குதிரை பெரும்பாலும் கடல் கடந்து வந்த சரக்கு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மாபார் எனப்பட்ட இந்தத் தமிழ்க் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வந்தவை 10,000 என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் சொல்கிறார். எண்கள் மிகையாக இருக்கலாம். இழப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள், லாடமடித்து வைத்தியம் பார்ப்பவர் எவரையும் வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிடவில்லை என்பவை போலோ காட்டும் காரணங்கள். அவர் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சோறு தின்னும் குதிரையின் பல்லோரம் கூராகாமல் இருந்திருக்க முடியாது.

பல்லை யாரும் பார்க்கவே இல்லை என்பதில்லை. தஞ்சை சரசுவதி மகால் 1952-இல் வண்ணப் படங்களோடு வெளியிட்ட நகுலரின் அசுவ சாஸ்திரம் முதலான வடமொழி நூல்கள் குதிரையின் இலக்கணத்தை விரித்துப் பேசுகின்றன. பல்லைக் கண்டு வயதைக் கணிக்கும் முறையும் இந்த மரபில் உண்டு. தானம் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரைக் கேலி செய்யும் பழமொழியும் சந்தைப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் சந்தையில் வாயைத் திறந்தது விலைக்காக. நோவைத் தேடித் திறப்பது வேறு வேலை.

அந்த வேலை குதிரைப்படையோடும் கல்லூரியோடும் வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1824-இல் ஓசூரில் படைக்குதிரைப் பண்ணை தொடங்கியது. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வந்தது.

கடலுக்கு அப்பால், தமிழர் குடியேறிய மலாயாவின் கெடாவில், குனோங் ஜெராய் மலையடியில் உள்ள யான் வட்டாரத்தில் குதிரைக்கு அதிக வேலை இருக்கவில்லை. வயலுக்கு எருமை போதுமாக இருந்தது. 1885-இல் வெட்டத் தொடங்கிய வான் மாட் சமான் கால்வாய் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை படகுக்கும் நீருக்கும் வழி தந்தது. குதிரை உலகம் தெற்கே, 1786-இல் கெடா சுல்தானிடமிருந்து கம்பெனி பெற்ற பினாங்கில் இருந்தது. சுமத்ராவின் டெலி, பத்தாக் மட்டக்குதிரைகள் அங்கே வாடகை வண்டி இழுத்தன. குதிரைக்காரர்களில் தமிழரும் இருந்தனர். மட்டக்குதிரையின் வாய் சிறியது. பெரிய குதிரைக்குச் செய்த இரும்பை அதற்கு மாட்டினால், நடுமூட்டு ஒரு பக்கமாக நகர்ந்து தொங்கும். லகானை இழுக்கும்போது மடங்கி நாக்கையும் மேல்வாயையும் குத்தும். பல் நன்றாக இருந்தாலும் வாய் புண்ணாகும்.

1864-இல் பினாங்கு குதிரைப் பந்தயக் கழகம் தோன்றியபின், பந்தயத்துக்கென ஆஸ்திரேலியக் குதிரைகள் வந்தன. பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கும். கடைவாய்ப் பால்பற்கள் விழுவதோ ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள். ஆடும் பல்லோடும் வீங்கிய ஈறோடும் கடிவாளம் பழகும் குதிரை லகானை ஒரு பக்கமாக இழுத்தபடி ஓடினால் வியப்பில்லை. இன்று லாயங்களில் இளங்குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், மற்றவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் பல் பார்ப்பது வழக்கம். மயக்க ஊசி போட்டு, இரும்புச் சட்டத்தால் வாயைத் திறந்து நிறுத்தி, நீண்ட அரத்தாலோ மின் அரத்தாலோ கூரை மட்டும் அராவுவார்கள். அரைக்கும் பரப்பையும் வழவழப்பாக்கிவிட்டால் குதிரையால் புல்லை அரைக்க முடியாது.