குரோம்பேட்டையில் ஒரு மூணு நாள் கெடு

"டெட்லைன் கழுத்துக்கு வந்தாதான் எனக்கு வேலை ஓடும்"னு சொல்ற ஆளா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

இடம், நம்ம குரோம்பேட்டை எம்ஐடி. சி. ராஜம் 1949-ல ஆரம்பிச்ச கல்லூரி. 1950-கள்ல இங்க விமானப் பொறியியல் படிச்ச ஒரு ராமேஸ்வரம் பையன், அப்துல் கலாம். சேர்றதுக்குத் தேவைப்பட்ட பணத்துக்காக அவரோட அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாங்க.

கடைசிக் கட்டத்துல, தாழப் பறந்து தாக்கும் ஒரு விமானத்தை வடிவமைக்கிற ப்ராஜெக்ட். வேலை நகரலை. இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் பார்த்துட்டு, திருப்தியில்லைன்னு சொல்லிட்டார். கலாம் ஒரு மாசம் கேட்டார். கிடைச்சது மூணு நாள். வெள்ளி மதியம் பேச்சு, திங்கள் காலைல வரைபடம் வரணும், இல்லன்னா ஸ்காலர்ஷிப் கட். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடப் போகலை, வரைபலகையை விட்டு நகரலை. ஞாயிறு காலைல வேலை முடியப்போற நேரம், டென்னிஸ் உடையோட சீனிவாசன் வந்து பார்த்துட்டு அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

இந்தக் கதையை எல்லாரும் இதோட முடிச்சிடுவாங்க. "பாத்தியா, பிரஷர் குடுத்தா நடக்குது!"

ஆனா 1999-ல வந்த 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்துல கலாம் இன்னொரு விஷயத்தையும் பேசுறார். முழுசா மூழ்கி வேலை செய்ற நிலை. உளவியலாளர் சிக்ஸென்ட்மிஹாயி 'ஃப்ளோ'ன்னு பேர் வச்சாரே, அதேதான். அதுக்குள்ள எப்படிப் போறது? கலாம் சொல்ற நிபந்தனைகள்ல பயமே இல்லை. ஒண்ணு, மனசுக்குப் பிடிச்ச, நம்ம திறமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிற வேலை. ரெண்டு, குறுக்கீடு இல்லாத நீண்ட நேரம். அரை மணி நேரத்துக்குள்ள அந்த நிலை வர்றது கஷ்டம்ங்கிறது அவர் அனுபவம். இதுக்கு முன்னாடி எப்போ அப்படி மூழ்கினோம்னு யோசிச்சா, எது நம்மளை உள்ள இழுக்குதுன்னு பிடிபடும்னும் சொல்றார்.

இப்போ அந்த வார இறுதியைத் திரும்பப் பாருங்க. மிரட்டல் அவரை வரைபலகை முன்னாடி உட்கார வச்சது, உண்மை. ஆனா அங்க பிடிச்ச வேலை இருந்தது, கூப்பிட யாரும் இல்லாத நேரமும் இருந்தது. எஸ்எல்வி-3-க்கு இதே கலாம் பல வருஷம் உழைச்சார். 1979-ல ராக்கெட் கடல்ல விழுந்தது, 1980 ஜூலை 18-ல ஜெயிச்சது. அவ்வளவு வருஷத்தை வெறும் பயத்துல ஓட்ட முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

போனை அடுத்த ரூம்ல வச்சிட்டு, முதல் அரை மணி நேரம் போரடிச்சாலும் எழுந்திரிக்காம இருந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.